பழைய சன், எஸ்ஜிஐ மெஷின் டிஸ்க்: அதுலயே பூட் பண்ணி எடுக்கலாமா, ஸ்கஸி கார்டா, ப்ளூஸ்கஸியா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வர்த் பக்கம் எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க, அவங்க அப்பா உயிரோட இருந்தப்ப வீட்டுக்குப் பின்னாடி கராஜ்லயே கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், சாயங்கால தமிழ் ஸ்கூலுக்கு சின்னச் சின்ன வாசிப்புப் புத்தகம்னு டைப்செட் பண்ணிக் குடுத்துக்கிட்டு இருந்தவர். அவர் போய் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. 2022 ஏப்ரல்ல வந்த வெள்ளத்துல அந்த கராஜுக்குள்ள முழங்கால் வரைக்கும் தண்ணி, ஆனா மேல் தட்டுல துணி போட்டு மூடி வச்சிருந்த ரெண்டு மெஷின் மட்டும் தப்பிச்சுது: ஒண்ணு சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5, இன்னொண்ணு நீலக் கலர்ல எஸ்ஜிஐ இண்டி, ரெண்டுமே தொண்ணூறுகள் காலத்து யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன். அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதை சும்மா ஸ்விட்ச் போட்டுப் பாருங்க, உள்ள அப்பா செஞ்சதெல்லாம் இருக்கும்"னாங்க. நான் சர்வர் ரூம்ல வேலை பாக்குறவன், பதினாலு வருஷமா இந்த ஊர்லதான் இருக்கேன், அதனால தெருவுல எந்த வீட்டுல எந்தப் பெட்டி ஓடலைனாலும் என் தலையிலதான் விடியும்.

ஸ்விட்ச் போட வேணாம்னு சொன்னேன். அதுக்குக் காரணம் இருக்கு. 2016ல இன்னொரு இடத்துல தூக்கிப் போட வச்சிருந்த எச்பி 9000 712ங்கற ஒரு பழைய வொர்க்ஸ்டேஷனை வீட்டுக்குக் கொண்டு வந்து ஆசை ஆசையா கரண்ட் குடுத்தேன். அது பூட் ஆகும்போதே "கடைசியா சரியா ஷட்டவுன் ஆகல"ன்னு சொல்லி எஃப்எஸ்செக் (ஃபைல் சிஸ்டத்தைச் சோதிச்சுத் திருத்துற புரோக்ராம்) ஓட ஆரம்பிச்சுது, ஏற்கனவே சாகக் கிடந்த டிஸ்க்ல அது எதையோ சரி பண்றேன்னு எழுத, இருபது நிமிஷத்துல டிக் டிக்னு சத்தம் வந்து அதோட முடிஞ்சு போச்சு. புள்ளையார் புடிக்கப் போயி குரங்கா முடிஞ்ச கதை. அதுல இருந்து எனக்கு ஒரே ஒரு கணக்குதான்: இந்த டிஸ்க் இன்னும் எத்தனை தடவை சுத்தும்னு யாருக்கும் தெரியாது, அதனால முதல் சுத்துலயே எவ்வளவு அதிகமா வெளிய எடுக்க முடியுமோ அந்த வழியைத்தான் பிடிக்கணும். விலை, வசதி, வேகம் எல்லாம் அப்புறம். கீழ நான் ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கை வச்சுத்தான் எடை போடுறேன், இதுல ஒத்துப் போகாதவங்க தாராளமா வேற மாதிரி பண்ணிக்கலாம்.

முதல்ல கையில இருக்கறது என்ன டிஸ்க்குன்னு பாக்கணும். மெஷின் 1998 வாக்குல வந்த சன் அல்ட்ரா 5, அல்ட்ரா 10 மாதிரினா உள்ள ஐடிஇ டிஸ்க்தான், கடையில கிடைக்குற சாதாரண யூஎஸ்பி-ஐடிஇ கேபிளை மாட்டி லினக்ஸ்ல இமேஜ் (முழு டிஸ்க்கோட காப்பி, ஒரே ஃபைலா) எடுத்துட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம், இந்தக் கட்டுரையே அவங்களுக்கு வேணாம். மத்த பழைய வொர்க்ஸ்டேஷன் பெரும்பாலும் ஸ்கஸி, அதாவது டிஸ்க்கை மெஷினோட இணைக்குற இன்னொரு பழைய முறை. அதுல மூணு விதமான கனெக்டர் வரும்: 50 பின் இருக்கறது நேரோ, 68 பின் இருக்கறது வைடு, 80 பின்ல கரண்டும் டேட்டாவும் ஐடியும் (அந்த இணைப்புல டிஸ்க்கோட நம்பர்) ஒண்ணா வர்றது எஸ்சிஏ. இண்டிக்குள்ள 50 பின், ஸ்பார்க்ஸ்டேஷன் 5க்குள்ள 80 பின். சீகேட் டிஸ்க்னா மாடல் நம்பரோட வாலைப் பாத்தாலே போதும், என்னு முடிஞ்சா 50 பின், டபிள்யூன்னா 68, டபிள்யூசின்னா 80. எங்க அக்கா வீட்டு சன்ல இருந்தது எஸ்டி32550டபிள்யூசி, 2.1 ஜிபி, நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துற பாராகுடா.

அந்த வால்ல என்டி, டபிள்யூடின்னு டிங்கற எழுத்து வந்தா அங்கேயே நில்லுங்க. அது டிஃபரென்ஷியல், இப்ப எச்விடின்னு சொல்றாங்களே அந்த வகை, சாதாரண ஸ்கஸி கார்டுல மாட்டினா கார்டோ டிஸ்க்கோ ரெண்டுமோ புகையலாம், கனெக்டர் மட்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. அப்புறமா வந்த எல்விடி டிஸ்க் (வால்ல எல்டபிள்யூ, எல்சின்னு வரும்) பிரச்சினை இல்ல, பழைய பஸ்ல மாட்டினா அதுவா இறங்கி வந்து வேலை செய்யும்.

இப்ப வழிகளுக்கு வருவோம்.

நிறைய பேர் முதல்ல யோசிக்கறது, டிஸ்க்கைக் கழட்டவே வேணாம், அதோட சொந்த மெஷின்லயே பூட் பண்ணி நெட்வொர்க் வழியா வெளிய எடுத்துடலாம்ங்கறதுதான். கேக்க நல்லாத்தான் இருக்கு. எந்த அடாப்டரும் வாங்க வேணாம், டெர்மினேஷன் (கேபிள் முனையில டெர்மினேட்டர் போட்டு முடிக்கறது) தலைவலி இல்ல, டிஸ்க் இருபது வருஷமா எந்தக் கண்ட்ரோலரோட பேசிப் பழகுச்சோ அதோடயே பேசும். ஆனா நடைமுறையில இறங்கினா ஒவ்வொண்ணா வரும். சன் மானிட்டருக்கு 13டபிள்யூ3ன்னு ஒரு கனெக்டர், அந்த மானிட்டரை இன்னைக்கு டர்பன்ல தேடுறது முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட மாதிரி. இதுக்கு மட்டும் சுலபமான வழி இருக்கு, கீபோர்டை மாட்டாம ஆன் பண்ணினா சன் தானா சீரியல் போர்ட்டுக்குப் போயிடும், 9600 வேகத்துல லேப்டாப்ல இருந்தே பேசலாம். அப்புறம் மெஷினோட செட்டிங்கை வச்சிருக்குற என்விராம் சிப், அதுக்குள்ளயே பேட்டரி இருக்கும், பத்துப் பதினஞ்சு வருஷத்துல செத்துடும், செத்தா ஐடிப்ராம் செல்லாதுன்னு ஒரு வரி வரும், ஈதர்நெட் அட்ரஸே இருக்காது. அதை ஓகே ப்ராம்ப்ட்ல (பூட் ஆகறதுக்கு முன்னாடி சன் கமாண்ட் கேக்குற இடம்) கையால எழுதி விட்டாத்தான் நெட்வொர்க் எழும்பும், கரண்ட் போனா மறுபடி எழுதணும்.

பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது, அதுக்கு சோலாரிஸ் (சன்னோட ஓஎஸ்) சிடில சிங்கிள் யூசர் மோட்ல பூட் பண்ணணும், அதுக்கு 512 பைட் பிளாக்ல படிக்குற சிடி டிரைவ் வேணும், எல்லா ஸ்கஸி சிடி டிரைவும் அப்படிப் படிக்காது. இல்லைனா நெட்வொர்க் வழியா நெட்பிஎஸ்டிங்கற இலவச ஓஎஸ்ஸை பூட் பண்ணலாம், அதுக்கு வேண்டிய ரார்ப், டிஎஃப்டிபி, என்எஃப்எஸ் சர்வீஸ் எல்லாத்தையும் ஒரு லினக்ஸ் பெட்டில ஏத்தி வைக்கணும், ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அதுக்கே போயிடும். இதையெல்லாம் செஞ்சு டிஸ்க்கைத் தொடாம பூட் பண்ணினா இந்த வழி பரவாயில்ல. ஆனா அவசரத்துல டிஸ்க்ல இருந்தே பூட் பண்ணினா, பூட் ஆகற ஒவ்வொரு நொடியும் அது லாக் எழுதும், டைம் மாத்தும், எஃப்எஸ்செக் ஓட்டும், என் எச்பிக்கு நடந்ததுதான் நடக்கும்.

வேகமும் பெருசா கிடையாது. ஸ்பார்க்ஸ்டேஷன் 5லயும் இண்டிலயும் உள்ளயே வர்றது 10 மெகாபிட் ஈதர்நெட், நொடிக்கு 1 எம்பி வந்தாலே பெருசு, 2.1 ஜிபிக்கு முக்கால் மணி நேரம்னு வச்சுக்கோங்க. நல்ல டிஸ்க்குக்கு அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அனுப்பறது எப்படின்னா, இன்னைக்கு லினக்ஸ்ல பொதுவா ஆர்எஸ்எச் கிடையாது, பழைய மெஷின்ல எஸ்எஸ்எச் கிடையாது, ஆனா எஃப்டிபி ரெண்டு பக்கமும் உண்டு. பழைய யூனிக்ஸ் எஃப்டிபி கிளையண்ட்ல ஃபைல் பேர் கேக்குற இடத்துல ஒரு செங்குத்துக் கோடு போட்டு பின்னாடி டிடி கமாண்டை (டிஸ்க்கை அப்படியே காப்பி பண்றது) எழுதினா, அந்த கமாண்ட் துப்பறதை அப்படியே மேல அனுப்பிடும். சன்ல ஸ்லைஸ் 2தான் (அங்க பார்ட்டிஷனுக்குப் பேர் ஸ்லைஸ்) பொதுவா முழு டிஸ்க், எஸ்ஜிஐயோட ஓஎஸ்ஸான ஐரிக்ஸ்ல வால்ங்கற பார்ட்டிஷன். என்எஃப்எஸ் வழியா எழுதறதா இருந்தா பழைய வெர்ஷன் 2ல ஒரு ஃபைல் 2 ஜிபிக்கு மேல போகாதுங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க, 2.1 ஜிபி டிஸ்க் சரியா வாசல்ல வந்து முட்டி நிக்கும்.

இந்த வழியோட பெரிய ஓட்டை என்னன்னா கெட்டுப் போன செக்டர் வந்தா என்ன பண்றதுங்கறதுதான். அந்தக் காலத்து டிடிக்கு ரெண்டு குணம்தான் தெரியும், ஒண்ணு நின்னுடும், இல்லைனா நோஎரர்-சிங்க்னு சொன்னா அந்த பிளாக் முழுசையும் பூஜ்யமா நிரப்பிட்டுப் போயிடும். நீங்க வேகத்துக்காக 64 கேபி பிளாக் போட்டிருந்தா ஒரே ஒரு 512 பைட் செக்டர் கெட்டதுக்கு 64 கேபியும் போச்சு. அதனால என் கணக்குல டிஸ்க் ஆரோக்கியமா இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா, அதுவும் டிஸ்க்கைக் கழட்டவே முடியாத மெஷினா இருந்தா, அப்ப மட்டும் இது.

அடுத்தது டிஸ்க்கைக் கழட்டி ஒரு பழைய பிசில ஸ்கஸி கார்டு போட்டு லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூங்கற மீட்பு புரோக்ராமை ஓட்டறது. நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன், பாரபட்சம் இருக்கத்தான் செய்யும். அடாப்டெக் 2940யூடபிள்யூன்னு ஒரு பிசிஐ கார்டு, தொண்ணூறுகள்ல ஊர் பூரா வித்தது, இன்னைக்கும் லினக்ஸ் கர்னல்ல அதுக்கு டிரைவர் இருக்கு. 50 பின்னும் 68 பின்னும் ரெண்டுமே அதுலயே உண்டு. எனக்கு இங்க ஒரு பழைய சாமான் கடையில 300 ராண்டுக்குக் கிடைச்சுது. பிசிஐ ஸ்லாட் இருக்குற மதர்போர்டுதான் இப்ப அருமையாப் போச்சு, அதுக்கு ஒரு கோர் 2 டுயோ காலத்துப் பெட்டியை யார்கிட்டயாவது கேட்டு வாங்கிடுங்க, தூக்கிப் போடறதுக்குள்ள.

எஸ்சிஏ டிஸ்க்குக்கு 80ல இருந்து 68க்கு மாத்துற சின்ன போர்டு ஒண்ணு வேணும், ஐடி ஜம்பரும் கரண்ட் கனெக்டரும் அதுலயே இருக்கும். எஸ்சிஏ டிஸ்க்குக்குள்ள டெர்மினேட்டர் கிடையாது, அதனால கேபிளோட கடைசி முனையில ஒரு ஆக்டிவ் டெர்மினேட்டர் இருந்தே ஆகணும். இது ரொம்பப் பேர் சறுக்குற இடம். டெர்மினேஷன் சரியில்லைன்னா டிஸ்க் தெரியும், படிக்கவும் செய்யும், நடுநடுவுல எரர் வரும், நீங்க டிஸ்க் செத்துக்கிட்டு இருக்குன்னு நினைச்சு பயந்து போவீங்க, கடைசில பாத்தா கேபிள். ஸ்கஸி எரர் வந்தா முதல்ல கேபிளைத் திட்டுங்க, அப்புறம் டெர்மினேட்டரை, கடைசியாத்தான் டிஸ்க்கை. இங்க கடல் காத்துல பின் எல்லாம் பச்சை பூத்துப் போய் இருக்கும், ஐசோப்ரோப்பைல் வச்சுத் துடைச்சுட்டுத்தான் நான் எதையும் மாட்டறது.

எழுதாம பாத்துக்கறது இன்னொரு விஷயம். நிறைய ஸ்கஸி டிஸ்க்ல ரைட் ப்ரொடெக்ட் ஜம்பர் இருக்கும், இருந்தா முதல் வேலையா அதைப் போடுங்க. டெஸ்க்டாப் லினக்ஸ் தானா மவுண்ட் பண்ணப் பாக்கும், அதை நிறுத்தி வைங்க. விண்டோஸ் பெட்டில மாட்டவே மாட்டாதீங்க, சன் லேபிளை (டிஸ்க் தொடக்கத்துல இருக்குற பார்ட்டிஷன் பட்டியல்) அதுக்குப் புரியாது, "இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் பண்ணட்டுமா"ன்னு பணிவாக் கேக்கும், தூக்கக் கலக்கத்துல ஒருத்தர் ஓகே அமுக்கினா லேபிள் காலி.

டிடிரெஸ்க்யூவை நான் ஏன் இவ்வளவு தூக்கி வச்சுப் பேசறேன்னா அதோட வேலை செய்யுற விதம்தான். முதல் சுத்துல சுலபமா வர்றதை எல்லாம் வேகமா அள்ளிக்கும், எங்க தடுக்குதோ அங்க நின்னு முட்டாம தாண்டிப் போயிடும், நல்லதெல்லாம் கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் திரும்பி வந்து கெட்ட இடத்தோட ஓரங்களைச் சுரண்டும், கடைசியாத்தான் நீங்க சொன்ன அளவுக்கு மறுபடி மறுபடி முயற்சி பண்ணும். எங்க என்ன வந்துது எது வரலைங்கறதை ஒரு மேப் ஃபைல்ல எழுதிக்கிட்டே போகும். இந்த மேப் ஃபைல்தான் எனக்கு அப்ப உயிர். நான் இதைச் செஞ்சது 2023 குளிர்காலத்துல, அதாவது ஜூன் மாசம், லோட்ஷெடிங் இருந்த சமயம், ஒரு நாளைக்கு மூணு தடவை கரண்ட் போகும். யூபிஎஸ்ல கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் நானே ஒழுங்கா நிறுத்திடுவேன், கரண்ட் வந்ததும் அதே கமாண்டை அதே மேப் ஃபைலோட குடுத்தா விட்ட இடத்துல இருந்து பிடிச்சுக்கும். டிடியா இருந்தா முதல்ல இருந்து. ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கை முதல்ல இருந்து படிக்கறதுன்னா எத்தனை சுத்து வீண்னு நினைச்சுப் பாருங்க.

ஆரோக்கியமான 2.1 ஜிபி பாராகுடானா இந்தக் கார்டுல பத்து நிமிஷம் கூட ஆகாது. எங்களுது அப்படி இல்ல. முதல் சுத்துல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல கால் மணி நேரத்துல வந்துடுச்சு, மிச்சத்துக்கு ரெண்டு ராத்திரி. கடைசில வராமலே போனது 38 செக்டர், அதாவது 19 கேபி. ஒரு ஜேபெக் படத்தை விடக் கம்மி.

மூணாவது வழி ப்ளூஸ்கஸி, சூலூஸ்கஸி மாதிரி சின்ன போர்டுகள். இதெல்லாம் முதல்ல வந்தது டிஸ்க்குக்கு பதிலா எஸ்டி கார்டை வச்சு மெஷினை ஏமாத்தறதுக்கு, ஆனா இப்ப இனிஷியேட்டர் மோட்னு ஒண்ணு இருக்கு, அதுல போர்டே கம்ப்யூட்டர் மாதிரி நடிச்சு டிஸ்க்கைப் படிச்சு எஸ்டி கார்டுல இமேஜா எழுதிடும். ப்ளூஸ்கஸில இது ராஸ்ப்பெர்ரி பை பிக்கோவை வச்சுச் செஞ்ச வெர்ஷன் 2ல இருந்துதான், ப்ளூ பில்ங்கற நீலக் கலர் குட்டி போர்டு போட்ட பழைய வெர்ஷன் 1ல கிடையாது, செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க இதைக் கேட்டுட்டு வாங்குங்க. எஸ்டி கார்டை எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணிடுங்க, ஃபேட்32ன்னா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் நிக்காது.

இதோட அழகு என்னன்னா பிசியே வேணாம். டிஸ்க்குக்கு ஒரு பழைய பவர் சப்ளை, போர்டுக்கு யூஎஸ்பி கேபிள், அவ்வளவுதான், சாப்பாட்டு மேசையிலயே வச்சு முடிச்சுடலாம். நல்ல நிலைமையில இருக்குற 50 பின் டிஸ்க் பத்துப் பதினஞ்சு வச்சிருக்கவங்களுக்கு இதை மிஞ்சின வழி இல்லைன்னே சொல்வேன், என் ஸ்கஸி கார்டு பெட்டி கொசுவர்த்தி கூட ஏத்த இடமில்லாம மேசையை அடைச்சுக்கிட்டு நிக்கும்போது எனக்கே அந்த ஆசை வருது. ஆனா 80 பின் டிஸ்க்னா 50க்கு மாத்துற அடாப்டர் வேணும், அந்த அடாப்டர் மேல் எட்டு பிட்டையும் டெர்மினேட் பண்ணணும், மலிவான போர்டுல அது இருக்காது. கெட்ட செக்டர் வந்தா சில தடவை முயற்சி பண்ணிட்டுத் தாண்டிப் போய் லாக்ல எழுதி வைக்கும், அது நேர்மையான நடத்தைதான், ஆனா மேப் ஃபைல் மாதிரி ஒரு திட்டம் போட்டு, நல்லதை முதல்ல அள்ளி கெட்டதைக் கடைசிக்குத் தள்ளுற புத்தி அதுக்கு இல்ல. வரிசையா முதல் செக்டர்ல ஆரம்பிச்சுக் கடைசி வரைக்கும் போகும். பாதில டிஸ்க் செத்தா மீதிப் பாதி என்ன ஆச்சுன்னு தெரியாமலே போயிடும்.

ஆனா இந்த போர்டை வேற ஒரு காரணத்துக்காக எப்படியும் வாங்கித்தான் ஆகணும், அதைக் கீழ சொல்றேன்.

யூஎஸ்பி-ஸ்கஸி கேபிள்னு ஒண்ணு ரெண்டாயிரங்கள்ல வந்துது, இப்ப ஆன்லைன்ல தங்க விலை சொல்றாங்க. பல மாடல் ஒரே ஒரு டிவைஸைத்தான் பாக்கும், சிலதுக்கு டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பியோட நின்னு போச்சு, எரர் வந்தா அந்த எரர் என்னன்னு முழுசா மேல சொல்லாது. வேணாம். அந்தக் காசுக்கு ஒரு கார்டும் டெர்மினேட்டரும் வாங்கி மிச்சத்துக்கு பன்னி சவ் (ரொட்டிக்குள்ள குழம்பு ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு) சாப்பிடலாம்.

அப்புறம் லேப். டிஸ்க் சுத்தவே இல்லைன்னாலோ, சுத்தி டிக் டிக்னு ஹெட் அடிச்சுக்கற சத்தம் வந்தாலோ மேல சொன்ன எதுவும் உதவாது, கிளீன் ரூம் இருக்குறவங்கதான் திறக்கணும். விலை அதிகம், அதுவும் தொண்ணூறுகள் டிஸ்க்குக்கு மாத்து ஹெட் கிடைக்குறது அவங்களுக்கே கஷ்டம். இதுல ஒரு நடுத்தரக் கேஸ் இருக்கு, ஹெட் பிளாட்டர்ல ஒட்டிக்கிட்டு மோட்டார் முக்கி முக்கி நிக்கறது, ஸ்டிக்ஷன்னு சொல்வாங்க. கையில சட்டுனு திருப்பி விட்டா சுத்தும்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, சுத்தவும் செய்யும், ஹெட் பிஞ்சுக்கிட்டும் வரும். அக்காவோட அப்பா பண்ணின வேலைல அந்தச் சூதாட்டம் ஆட எனக்குத் தைரியம் இல்ல.

சரி, இமேஜ் கைக்கு வந்தாச்சு, ஹாஷ் (காப்பி மாறலைன்னு சரிபாக்குற எண்) எடுத்து ரெண்டு இடத்துல பத்திரப்படுத்தியாச்சு. இனிமே மூல டிஸ்க்கைத் தொட வேண்டியதில்ல, என்ன தப்பு பண்ணினாலும் காப்பிலதான். உள்ள இருக்கறதைப் பாக்க மறுபடி ரெண்டு மூணு பாதை பிரியுது, இங்க அவசரமே இல்லைங்கறதால எல்லாத்தையும் நான் முயற்சி பண்ணிப் பாத்தேன்.

லினக்ஸ்லயே மவுண்ட் பண்றதுதான் சுலபம். சன் லேபிள், எஸ்ஜிஐ லேபிள் ரெண்டையும் லினக்ஸ் கர்னல் புரிஞ்சுக்கும், லூப் டிவைஸா (ஃபைலையே டிஸ்க் மாதிரி) மாட்டினா ஸ்லைஸ் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். சோலாரிஸோட ஃபைல் சிஸ்டமான யூஎஃப்எஸ்ஸைப் படிக்க முடியும், ஆனா யூஎஃப்எஸ் டைப் சன்னுன்னு நீங்களே சொல்லணும், சொல்லலைன்னா அது பழைய டைப்னு எடுத்துக்கிட்டு மவுண்ட் ஆகாம போயிடும், காரணம் கர்னல் மெசேஜ்லதான் தெரியும். இதைத் தெரியாம இமேஜே கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணினவங்களை எனக்குத் தெரியும், நானும் முதல் தடவை அரை மணி நேரம் முழிச்சேன்.

ஐரிக்ஸ்னா கொஞ்சம் சிக்கல். 5 சீரிஸ் ஐரிக்ஸ் பெரும்பாலும் ஈஎஃப்எஸ், அதுக்கு லினக்ஸ்ல படிக்க மட்டும் ஒரு மாட்யூல் இருக்கு, அது போதும். 6 சீரிஸ்ல எக்ஸ்எஃப்எஸ். எக்ஸ்எஃப்எஸ் பொறந்ததே எஸ்ஜிஐலதானே, லினக்ஸ் அப்படியே படிச்சுடும்னு நினைக்கத் தோணும், பாதி உண்மைதான். ரொம்பப் பழைய முதல் வெர்ஷன் டைரக்டரி அமைப்புல இருந்தா லினக்ஸ் அதைத் தொடாது. சரியா ஷட்டவுன் ஆகாத டிஸ்க்னா லாக்கை ஓட்டப் பாக்கும், ரெக்கவரி வேணாம், படிக்க மட்டும்னு சொல்லி மவுண்ட் பண்ணணும். இன்னொண்ணு, எக்ஸ்எஃப்எஸ்ஸோட பழைய வி4 ஃபார்மேட்டை லினக்ஸ் கைகழுவிக்கிட்டு இருக்கு, 2025 செப்டம்பர்ல இருந்து கர்னல்ல அது டீஃபால்ட்டா ஆஃப், 2030 செப்டம்பர்ல மொத்தமா எடுத்துடறதாத் திட்டம். எஸ்ஜிஐ டிஸ்க் வச்சிருக்கவங்க ஒரு பழைய டெபியன் சிடி இமேஜை இப்பவே எடுத்து வச்சுக்கோங்க.

எமுலேட்டர் (பழைய மெஷின் மாதிரி நடிக்குற சாஃப்ட்வேர்) இன்னொரு பாதை. க்யூஎம்யூல ஸ்பார்க்ஸ்டேஷன் 5 மெஷினே இருக்கு, மேம்ல இண்டி இருக்கு. எங்க இமேஜ் க்யூஎம்யூல பாதி பூட் ஆகி நின்னுடுச்சு, இன்னும் தோண்டியிருந்தா ஓடியிருக்கும், ஆனா எனக்கு அது சுவாரசியப்படல. ஃபைல் மட்டும் வேணும்னா எமுலேட்டர் எதுக்கு, கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற மாதிரி. ஆனா ஃபைலைத் திறக்குற சாஃப்ட்வேர் அந்த மெஷின்ல மட்டும்தான் ஓடும்னா கதை வேற. அக்காவோட அப்பா வேலை செஞ்சது ஃப்ரேம்மேக்கர்ங்கற பக்கம் அமைக்குற சாஃப்ட்வேர்ல, தமிழுக்கு யாரோ செஞ்சு குடுத்த ஃபாண்ட், யூனிகோட் பக்கமே போகாதது, அ இருக்குற இடத்துல வேற ஏதோ எழுத்து உக்காந்திருக்கும். லினக்ஸ்ல திறந்தா குப்பை குப்பையா வருது.

இங்கதான் ப்ளூஸ்கஸி வேலைக்கு வந்துச்சு. இமேஜோட ஒரு காப்பியை எஸ்டி கார்டுல போட்டு எச்டி30ன்னு பேர் வச்சா அது ஐடி 3, லன் (ஐடிக்குள்ள உட்பிரிவு நம்பர்) 0ன்னு எடுத்துக்கும், சன் தன்னோட முதல் டிஸ்க்கை ஐடி 3லதான் தேடும், உள்ள இருக்குற டிஸ்க்கைக் கழட்டிட்டு வெளிய இருக்குற ஸ்கஸி போர்ட்டுல இந்த போர்டை மாட்டினா அந்த மெஷினுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எழுதட்டும், எஃப்எஸ்செக் ஓட்டட்டும், என்ன வேணா பண்ணட்டும், காப்பிதானே. எச்பில நான் பயந்த அதே எஃப்எஸ்செக் இங்க ஓடினப்ப டீ குடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தேன். அதனால என் தீர்ப்பு இப்படி: டிஸ்க்கைப் படிக்கறதுக்கு ஸ்கஸி கார்டு, மெஷினை ஓட்டறதுக்கு ப்ளூஸ்கஸி, காசு இருந்தா ரெண்டும். ஒண்ணுதான் வாங்க முடியும், டிஸ்க்கும் சத்தமில்லாம சுத்துதுன்னா ப்ளூஸ்கஸியே ரெண்டு வேலையும் பாத்துடும். டிஸ்க் மேல சந்தேகம் இருந்தா கார்டு, அதுல விட்டுக் குடுக்க மாட்டேன்.

கடைசில பாதிக்கு மேல வேலையை எமுலேட்டரும் செய்யல, பழைய மெஷினும் செய்யல. அவர் ஒவ்வொரு வேலையும் பிரஸ்ஸுக்கு அனுப்பறதுக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலா எழுதி வச்சிருந்தார், ஃபாண்ட்டும் அதுக்குள்ளயே பொதிஞ்சு இருந்துது, லினக்ஸ்ல கோஸ்ட்ஸ்கிரிப்ட் போட்டா பிடிஎஃபா வந்து விழுந்துது. புரட்டாசி பூசை நோட்டீஸ், மாரியம்மன் கஞ்சி நோட்டீஸ், யார் யாரோட கல்யாணப் பத்திரிகையோ எல்லாம் அச்சு மாறாம. அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பேரை மட்டும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டு, இது இன்னார் வீடு, அது இன்னார் வீடுன்னு தெருவை அடையாளம் சொல்லிக்கிட்டே வந்தாங்க. கெட்டுப் போன அந்த 38 செக்டர்ல ஒரு ஆறு செக்டர் ஒரு வாசிப்புப் புத்தகத்துக்குள்ள விழுந்திருந்துது, அதுல ஒரே ஒரு பக்கம் மட்டும் வரவே இல்ல, மத்ததெல்லாம் மேன் பேஜும் (யூனிக்ஸோட உதவிப் பக்கம்) காலி இடமும்.

இண்டியோட டிஸ்க் வேற கதை. அதுக்கு ஒரே ஒரு தடவைதான் கரண்ட் குடுத்தேன், மோட்டார் ரெண்டு நொடி முக்கி நின்னுடுச்சு, உடனே பிடுங்கிட்டேன். இப்ப அது ஆன்டி-ஸ்டேட்டிக் பையில சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட என் பீரோவுல இருக்கு. ஜோஹன்னஸ்பர்க்ல ஒரு லேப்ல விலை கேட்டிருக்கோம், அக்கா தன்னோட தம்பிகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்னாங்க.